குந்திரிக்க எண்ணெயும் நம் வீட்டுச் சாம்பிராணியும்

சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். புலனக் குழு ஒன்றில் தோழி ஒருவர் வழியாக 10 மில்லி ஃபிராங்கின்சென்ஸ் எண்ணெய்ப் புட்டியை 100 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார். இது நாம் வீட்டில் போடும் சாம்பிராணியிலிருந்து எடுத்த எண்ணெய்தானா, எந்த ஊரிலிருந்து வருகிறது, மாமியாரின் முழங்கால் வலிக்கு விற்றவர் சொன்னபடி நாக்கின் கீழ் இரண்டு சொட்டு விடலாமா, மூன்று மாதக் குழந்தையின் மார்பில் தடவலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சாம்பிராணி எண்ணெய் அன்று. குந்திரிக்கம் என்னும் வேறொரு மரப் பிசினிலிருந்து வடித்தது. நாக்கின் கீழ் விட வேண்டாம். குழந்தைக்கு எந்த வகையிலும் வேண்டாம். மாமியாரின் முழங்காலுக்கு, நல்லெண்ணெயில் கலந்து இதமாகத் தேய்த்துவிடலாம். இந்த எண்ணெயை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் மணத்தோடு நெடுங்காலம் பழகியவன் நான். என் தகப்பனார் பினாங்குக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். நான் பிறை என்னும் ஊரில் வாசனைப் பொருள் செய்யும் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். பிசினில் உள்ள குணத்தை எண்ணெயின் பெயரில் விற்பது எனக்குப் பெரும் வருத்தம் தருவதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. தணலில் போட்டால் மணக்கும் பிசின் எதுவானாலும் நாம் அதைச் சாம்பிராணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பழைய கடைக்காரர்கள் மட்டும் சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம் என்று பிரித்துச் சொல்வார்கள். குங்கிலியம் என்பது பெரும்பாலும் சால மரத்தின் பிசின். இங்கே மலாய்க்காரர்கள் டாமார் என்று சொல்லும் பிசின்களைத் தரும் மரங்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அரிசி வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்து, திருக்கடவூரில் தூபமிடக் குங்கிலியம் வாங்கிய நாயனாருக்குக் குங்கிலியக்கலயர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குந்திரிக்கம், சிலர் பறங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வார்கள், அதுதான் ஆங்கிலத்தில் ஃபிராங்கின்சென்ஸ், அரபியில் லுபான்.

பினாங்கில் நமக்குச் சாம்பிராணி என்று எடை போட்டுத் தருவது மலாயில் கெமெனியான் எனப்படும் பொருள். அது ஸ்டைராக்ஸ் என்னும் மர இனத்தின் பிசின். ஸ்டைராக்ஸ் பென்சாயின், ஸ்டைராக்ஸ் பாரலலோநியூரம் ஆகிய இரண்டும் மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், வட சுமத்ராவின் தப்பானூலி மலைப்பகுதியில் பத்தாக் குடியானவர்கள் காலங்காலமாகப் பேணி வரும் மரங்கள். லாவோஸ் நாட்டின் வடக்கு மலைகளில் ஸ்டைராக்ஸ் டொங்கினென்சிஸ் என்னும் இன்னொன்று உண்டு. அதன் பிசினில் வெனிலாவின் மணம் தூக்கலாக இருக்கும். அரபு வணிகர்கள் சுமத்ராப் பிசினை லுபான் ஜாவி, அதாவது ஜாவா நாட்டுக் குந்திரிக்கம் என்று அழைத்தார்கள். அந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து பென்சாயின் ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து 1833இல் காய்ச்சி வடித்த ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷெர்லிக் கிடைத்த பொருளுக்கு பென்சின் என்று பெயரிட, அதுவே இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பென்சீன். அந்தச் சுமத்ராக் கரையிலேயே பாரூஸ் என்னும் பழந்துறைமுகத்தருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரத்துக்குப் பேர்போன ஊர் அது. மரப்பிசின் வணிகத்தில் தமிழனின் கை எவ்வளவு பழையது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

சாம்பிராணிக்கும் குந்திரிக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை என் தகப்பனார் வாயிலேயே காட்டிக் கொடுத்தார். மூட்டையிலிருந்து ஒரு பட்டாணி அளவுத் துண்டை எடுத்துக் கடைவாயில் வைத்து மெல்லுவார். குந்திரிக்கமானால் முதலில் நொறுங்கி, பின் எச்சிலில் இளகி, மெல்லும் கோந்து போலப் பல்லில் ஒட்டும். லேசான எலுமிச்சைக் கசப்பு வரும். சாம்பிராணியும் குங்கிலியமும் மணலாகத் தூளாகிப் பல்லை நெருடும். இன்னொரு சோதனை, சிறு கல்வத்தில் துண்டைப் பொடித்து நீர் விட்டு அரைப்பது. குந்திரிக்கம் பால் போல வெளுக்கும். அதில் நீரில் கரையும் கோந்து இருப்பதும், சாம்பிராணியில் அது இல்லாததுமே காரணம் என்பதை நான் ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன். கண்ணாலேயே பார்ப்பதானால், குந்திரிக்கம் வெண்பொடி பூத்த வெளிர்மஞ்சள் கண்ணீர்த் துளிகளாக இருக்கும்; சுமத்ராச் சாம்பிராணி, செம்பழுப்புக் கட்டிக்குள் வெள்ளைப் பருப்புகள் பதித்தது போல இருக்கும்.

குந்திரிக்கத்தைத் தருவது போஸ்வெல்லியா என்னும் மர இனம். ஓமானின் தோஃபார் மாநிலத்திலும் ஏமனிலும் சோமாலியாவிலும் வளரும் போஸ்வெல்லியா சாக்ராதான் விலையில் முதன்மையானது. சோமாலியாவில் மட்டும் சிறப்பாக விளையும் போஸ்வெல்லியா ஃபிரேரியானாவின் பிசின் மெல்லுவதற்குப் பெயர் பெற்றது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளில் போஸ்வெல்லியா பாபிரிஃபெரா. தேவாலயங்களில் புகையும் தூபத்தில் பெரும்பங்கு இதனுடையது. நடு இந்தியாவின் வறண்ட மலைகளில் வளரும் போஸ்வெல்லியா செர்ராட்டாவைச் சல்லகி என்பார்கள்.

தோஃபாரில் இந்த மரம் ஆள் உயரத்துக்குச் சற்று மேல், கல்லும் மணலுமான ஓடைக்கரைகளில் அடியிலேயே கிளைத்து நிற்கும். பட்டை காகிதம் போல உரியும். பருவமழை மோதும் கடலோரச் சரிவில் அன்றி, மலைக்குப் பின்னுள்ள வறண்ட நஜ்து நிலத்தில் விளைவதே உயர்ந்தது என்பது அங்குள்ளவர்களின் கணிப்பு. சித்திரை வெயில் ஏறும் காலத்தில் உளி போன்ற சிறு கருவியால் பட்டையை மேலாகச் சீவிவிடுவார்கள். பால் போன்ற துளிகள் அரும்பும். இரண்டு வாரம் கழித்து வந்து முதலில் இறுகியதைச் சுரண்டிவிட்டு அதே இடத்தை மறுபடி சீவுவார்கள். முதல் வடிப்பை மட்டமாகவே மதிப்பார்கள். அடுத்தடுத்த முறைகளில் வடிவதே நல்ல சரக்கு. எங்கள் தாத்தா காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களுக்கு இந்த வேலையின் நுட்பம் உடனே புரியும்: ஆழமாக வெட்டினால் மரம் நோகும், மிக மேலாகச் சீவினால் பால் வராது. தோஃபாரின் குந்திரிக்க நிலத்தை 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆப்பிரிக்கப் பக்கம் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. பாபிரிஃபெரா மரங்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, ஆராய்ந்த மரத்தொகுதிகளில் 75 சதவீதத்திற்கும் மேற்பட்டவற்றில் இளமரங்களே இல்லை என்றும், 20 ஆண்டுகளில் பிசின் விளைச்சல் பாதியாகக் குறையக்கூடும் என்றும் கண்டது. மேய்ச்சல், காட்டுத்தீ, அளவு மீறிய சீவல் எல்லாம் சேர்ந்த விளைவு இது. ஒரு புட்டி எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். பிசினில் மூன்று பங்குகள் உண்டு. ஆவியாகும் எண்ணெய் ஏறத்தாழ 5 முதல் 9 சதவீதம். ஆல்கஹாலில் கரையும் கெட்டிப் பிசின் பெரும்பகுதி. மிச்சம் நீரில் கரையும் கோந்து. வாலை என்னும் வடிகலத்தில் நீராவி கொண்டு வடிக்கும்போது முதல் பங்கு மட்டுமே ஏறி வருகிறது. அந்த எண்ணெயில் உள்ள ஆல்ஃபா பைனீன் என்னும் பொருள் தனியாகக் காய்ச்சினால் ஏறத்தாழ 156 பாகை வெப்பத்தில்தான் கொதிக்கும். ஆனால் நீரோடு கலக்காத எண்ணெயும் நீரும் ஒன்றாகக் கொதிக்கும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடிச் சேர்ந்துவிடுவதால் 100 பாகைக்குள்ளேயே எண்ணெயும் கிளம்பிவிடுகிறது. லேசான மூலக்கூறுகளுக்கே இது கைகூடும். பிசினின் மருத்துவப் பெயருக்குக் காரணமான போஸ்வெல்லிக் அமிலங்கள் 30 கார்பன் அணுக்கள் கொண்ட, மூலக்கூறு எடை 450ஐத் தாண்டிய கனமான பொருள்கள். அவை நீராவியில் ஏறுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் நான் 100 கிராம் பிசினைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு நான்கு மணி நேரம் வடித்தால் 6 மில்லி அளவு தெளிந்த எண்ணெய் அளவுக் குழாயில் மிதக்கும். குடுவையின் அடியில் பழுப்பு நிறக் களியாக ஒட்டிக்கொண்டு, ஆல்கஹால் ஊற்றிச் சுரண்டினாலும் லேசில் வராத ஒரு கட்டி மிஞ்சும். போஸ்வெல்லிக் அமிலம் அந்தக் கட்டியில் இருக்கிறது. புட்டியில் அடைத்து விற்பது மேலே மிதந்த 6 மில்லியை.

நம் வைத்தியத்தில் தைலம் என்ற சொல்லுக்கு உள்ள பொருளை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தைலம் என்பது நல்லெண்ணெயில் சரக்கைச் சேர்த்துக் காய்ச்சி இறக்குவது. குந்திரிக்கத்தைப் பொடித்து எண்ணெயில் உருக்கினால் கொழுப்பில் கரையும் கனமான பிசின் பகுதியும் எண்ணெயோடு சேர்ந்து வரும். வாலையில் வடித்த வாசனை எண்ணெய் அப்படிப்பட்டதன்று. இரண்டையும் தமிழில் எண்ணெய் என்றே சொல்வதால், பாட்டி வைத்தியத்தின் நற்பெயர் இந்தச் சிறு புட்டியின் மேல் தவறாக ஏறிக்கொள்கிறது.

பிசினுக்கு அந்த நற்பெயர் தகுதியானதுதான். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தவர்கள், அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன்களை உண்டாக்கும் ஒரு நொதியைப் போஸ்வெல்லிக் அமிலங்கள் தடுப்பதைக் கண்டார்கள். பின்னர் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 75 பேருக்கு, இந்த அமிலம் செறிவூட்டப்பட்ட சல்லகிச் சாரத்தை 90 நாள் கொடுத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. கவனிக்க வேண்டியது, கொடுத்தது பிசின் சாரம், வாசனை எண்ணெய் அன்று. மாமியாருக்கு அதை முயல வேண்டுமானால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, பதிவு பெற்ற மாத்திரையாக வாங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவராக இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது.

விற்பவர்கள் புற்றுநோய் வரை பேசுவார்கள். எண்ணெய் சில புற்றுச் செல்களைக் கொன்றது உண்மைதான், ஆய்வுக்கூடத் தட்டில். மனித உடலில் அது நோயைக் குணமாக்கியதாக யாரும் காட்டவில்லை. நம் மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி புற்றுநோய், நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம். புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தானால் மால் (MAL) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் டி (T) என்று முடியும் எண் இருக்கும். நோட் (NOT) என்று தொடங்கும் எண் மட்டும் இருந்தால் அது அழகுசாதனப் பொருள். பூசலாம், மருந்தாகக் குடிக்கச் சொல்லி விற்கக் கூடாது. ஓர் எண்ணும் இல்லாததை நான் தோலிலும் பூச மாட்டேன்.

அப்படியானால் இந்த எண்ணெய் எதற்கு என்று கேட்டால், மணத்துக்கு என்பேன். மணம் சிறிய பயன் அன்று. சாக்ரா எண்ணெயில் ஆல்ஃபா பைனீன் மிகுதி. அதனால்தான் திறந்தவுடன் பைன் மரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த குளுமை வருகிறது. பாபிரிஃபெரா எண்ணெயில் ஆக்டைல் அசிடேட் மிகுதி; ஆரஞ்சுப் பழச் சாயல் இருக்கும். சல்லகியில் ஆல்ஃபா துஜீன். புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத்தில் ஜூலைத் திருவிழாவின்போது தூபக் கலசத்திலிருந்து எழும் அந்த ஆழ்ந்த மணம் ஏன் புட்டியில் முழுமையாக வருவதில்லை என்று எனக்கு நெடுநாள் ஐயம் இருந்தது. 2016இல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் அந்தக் குணத்துக்குக் காரணமான, மிக நுண்ணிய அளவே உள்ள இரண்டு அமிலங்களைக் கண்டறிந்து ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயரிட்டார்கள். தணலில் எரியும்போது கனமான பிசினும் சிதைந்து மணமாக மாறுகிறது என்பதும் சேர, புகையும் எண்ணெயும் ஒன்றாக மணப்பதில்லை. கோயில், தர்கா, தேவாலயம் மூன்றிலும் தூபம் போடும் தமிழர்கள் நாம். இந்த மணத்தின் மேல் நமக்குள்ள பற்று இயல்பானது.

வீட்டில் பயன்படுத்தும் முறை எளிது. மணப் புகைவிப்பானில் (டிஃப்யூசர்) நீர் விட்டு மூன்று நான்கு சொட்டு, அரை மணி நேரம், சன்னல் திறந்து. பூனை வளர்ப்பவர்கள் வேண்டாம். இத்தகைய பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. தேய்ப்பதற்கு, 10 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய்க்கு நான்கு சொட்டு. அது 2 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். முதல்நாள் முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, மறுநாள் சிவக்கவில்லை என்று பார்த்த பிறகே தேய்க்க வேண்டும்.

பழைய எண்ணெயில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒருமுறை ஆய்வுக்கூடச் சன்னலோரம் பாதி காலியாக ஆறேழு மாதம் கிடந்த புட்டியிலிருந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து முகர்ந்தேன். மணத்தில் பழைய வார்னிஷின் காரம் ஏறியிருந்தது. மாலைக்குள் அந்த இடம் ஒரு பத்து சென் காசு அளவு சிவந்து தடித்து நான்கு நாள் அரித்தது. பைனீன் காற்றும் ஒளியும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் உண்டாகும் பொருள்கள் தோலைக் கெடுக்கும். நம் ஊர் வெக்கைக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டுதான் இதற்குச் சரியான இடம்.

கலப்படம் பற்றி ஒரு சொல். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எண்ணெய்க் கறை தெளிவாக நின்றால் சமையல் எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் பைன் மரத்து டர்பென்டைன் கலந்தால் இந்தச் சோதனை காட்டாது, ஏனெனில் அதிலும் இருப்பது அதே ஆல்ஃபா பைனீன். கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவிதான் பிடிக்கும். ஆகவே மரத்தின் தாவரப் பெயர், விளைந்த நாடு, வடித்த ஆண்டு மூன்றும் எழுதாத புட்டியை வாங்காதீர்கள். சாம்பிராணி எண்ணெய் என்று விற்பதும் வடித்ததன்று. சாம்பிராணி நீராவியில் நல்ல எண்ணெய் தராது, கரைப்பானில் கரைத்துப் பிழிந்த கெட்டிச் சாறு அது, பழுப்பாக, தேன் போல ஒழுகும்.

குழந்தையின் செய்தி. தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் பாட்டிமார் அன்போடு செய்தது. அவர்கள் அதைத் திறந்த திண்ணையில், காற்றோட்டத்தில் செய்தார்கள். இன்று குளிர்சாதனம் ஓடும் அடுக்ககத்தின் மூடிய அறையில் கரித்தணலை வைத்தால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் அங்கேயே சுழலும். சாம்பிராணியிலிருந்து எழும் பென்சாயிக் அமில ஆவி பெரியவர்களுக்கே தொண்டையைக் கமறச் செய்யும். தலையைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே போதும். வாசனை எண்ணெயை மார்பிலோ உச்சியிலோ தடவ வேண்டாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: பாரூஸ் கற்பூரத்தின் மலாய்ப் பெயரான காப்பூர் பாரூஸ் இன்று அந்துருண்டைக்கும் வழங்குகிறது. அதில் உள்ளது நாஃப்தலீன் என்றால், இரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரத்த அணுக்கள் உடைந்துபோகும் ஆபத்து உண்டு. துணிப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பிறந்தபோது மருத்துவமனையில் எடுத்த ஜி6பிடி சோதனையின் முடிவைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, வாங்கிய புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். திறந்த தேதியை அதன் மேல் எழுதி, இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். மாமியாருக்கு இரவு படுக்கும் முன் மேலே சொன்ன அளவில் கலந்து, நல்லெண்ணெய் இளஞ்சூடாக, முழங்காலைச் சுற்றிப் பத்து நிமிடம் தேய்த்துவிடுங்கள். சூடாக்கிய பிறகே சொட்டுகளைச் சேர்க்க வேண்டும். அடுப்பில் வைத்துச் சேர்த்துக் காய்ச்சினால் மணம் முழுவதும் சமையலறையிலேயே போய்விடும்.